எஸ்.டி. எண்களை எடுத்துவிட்டேன், பீட்ரி ஐயா

எகிப்தைத் தோண்டிய தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி ஐயாவுக்கு,

இன்று ஜூலை 28. 1942இல் ஜெருசலேமில் நீங்கள் கண்மூடிய நாள். எகிப்தில் நக்காடா இடுகாடு எங்கே இருக்கிறது, அங்கே எத்தனை புதைகுழி தோண்டினீர்கள் என்பதை உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வந்தது ஒன்றுதான்: என் அட்டவணைகளிலிருந்து குழிகளை முன்பின்னாக அடுக்க நீங்கள் போட்ட எஸ்.டி. எண்களை, அதாவது வரிசைத் தேதிகளை, எடுத்துவிட்டேன். இனி நக்காடா 1, 2, 3 என்ற மூன்று காலகட்டங்கள்தான். 1957இல் ஜெர்மன் ஆய்வாளர் கைசர் போட்ட பாதை.

மன்னிக்க வேண்டும். ஆனால் கோளாறு அந்த எண்களில்தான் இருந்தது. 30 முதல் 80 வரை படி கட்டினீர்கள். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து வருஷமா நூறு வருஷமா என்று அது சொல்லாது. பல இடுகாடுகளை ஒன்றாகக் கலந்ததில், ஊருக்கு ஊர் இருந்த வித்தியாசம் காலத்தின் வித்தியாசமாகிவிட்டது. கைசர் அர்மந்த் என்ற ஒரே இடுகாட்டை எடுத்துக்கொண்டார். தெற்கே பழைய குழி, வடக்கே புதுக்குழி. எந்தப் பானை எந்தப் பக்கம் குவிகிறது என்று வரைபடத்தில் பார்த்தார், முடிந்தது.

சரி, இதையெல்லாம் யாரும் சொல்லலாம். அந்த அட்டைச் சீட்டுகளை மட்டும் என்னால் விட முடியவில்லை. குழிக்கு ஒரு சீட்டு. ஐந்து வகைப் பானைகூட இல்லாத குழிகளை ஒதுக்கியது போக 900. ஒவ்வொன்றிலும் ஒன்பது கட்டம், பானைகளின் பெரும்பிரிவுக்கு ஒன்று. ஒத்த பானைகள் பக்கத்துப் பக்கத்தில் வந்து சேரும்வரை மேலும் கீழும் மாற்றி மாற்றி அடுக்கினீர்கள். தேதி பொறித்த ஓடு ஒன்றுகூடக் கையில் இல்லை. பிடி கொடுத்தது அந்த அலைக் கைப்பிடி ஜாடி. முதலில் உருண்ட வயிறு, தூக்கப் பிடிக்கிற மாதிரி நெளிந்த தடித்த கைப்பிடி. பிறகு வயிறு ஒட்டி, கைப்பிடி தேய்ந்து, தோளில் வெறும் நெளிகோடாகி, கடைசியில் நேர் உருளை. உள்ளே இருந்ததும் அப்படியே: முதலில் வாசனைக் கொழுப்பு, அப்புறம் கொழுப்பின் மேல் மண், முடிவில் மண் மட்டும். செத்தவரை ஏமாற்றத் தொடங்கிய வரிசையையே காலக்கணக்காக்கிவிட்டீர்கள்!

இன்னும் பழையது கிடைக்கும் என்று 1 முதல் 29 வரை காலியாக விட்டீர்களே, அதற்கு ஒரு கும்பிடு. 1920களில் உங்கள் மாணவர் பிரண்டன் எகிப்தின் பதாரியில் தோண்டியது அந்தக் காலி இடத்தில்தான் போய் உட்கார்ந்தது.

(இதை வேறு சிலரும் படிப்பார்கள். நக்காடாவின் வாய் கறுத்த சிவப்புப் பானைகளைப் பார்த்ததும் ஆதிச்சநல்லூர் ஓட்டோடு முடிச்சுப்போட வருபவர்களுக்கு: வாய்ப்பக்கம் காற்றுப் படாமல் புகையடைந்தால் எந்த ஊர் மண்ணும் கறுக்கும். அவ்வளவுதான்.)

ஆனால் ஐயா, அந்தக் குழிகளைத் திறந்ததும் முதலில் என்ன சொன்னீர்கள்? எகிப்தியரே இல்லை, பின்னால் வந்த 'புதிய இனம்' என்று. பிரெஞ்சு ஆய்வாளர் டி மோர்கன் வந்து, இவர்கள் எகிப்திய அரசர்களுக்கும் முந்தியவர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதை ஒப்புக்கொண்டீர்கள், சரி. அதன் பிறகாவது விட்டீர்களா? அரசாளும் இனம் செங்கடலைத் தாண்டி வந்தது என்றீர்கள். நக்காடா மண்டையோடுகள் இனம் பிரித்து அளப்பதற்காக லண்டன் போயின. உங்கள் தலையையே லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸுக்கு எழுதிக்கொடுத்தவர் நீங்கள். எங்கே வலிக்கிறது என்று உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது? பானையை அவ்வளவு பொறுமையாகப் பார்த்த கண், ஆளைப் பார்க்கும்போது மட்டும் ஏன் அவசரப்பட்டது?

அபிதோஸில் நீங்கள் அரசர் கல்லறைகளைத் தோண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது 'யு' என்று பெயரிட்ட இடுகாடு. நக்காடா 1 குழிகளில் தொடங்கி எகிப்தின் முதல் அரச வம்சம் வரை விட்டுப்போகாமல் ஏறி வருகிறது. யாரும் வெளியிலிருந்து வந்து இறங்கவில்லை. 1988இல் ஜெர்மன் ஆய்வாளர் டிரையர் அங்கே யு-ஜே கல்லறையைத் திறந்தார், கி.மு. 3200 வாக்கில் கட்டியது, பன்னிரண்டு அறை. உள்ளே எலும்பிலும் தந்தத்திலும் செதுக்கிய சீட்டுகள், தபால்தலை அளவு, சரக்கில் கட்டித் தொங்கவிட மூலையில் துளை. சிலவற்றில் எண் மட்டும். சிலவற்றில் யானை, பறவை. எகிப்தின் எழுத்து நமக்குத் தெரிந்தவரை அங்கேதான் தொடங்குகிறது. நூற்றுக்கு மேற்பட்ட சீட்டுகள், ஐயா. உங்கள் மேஜையில் கொட்டியிருக்க வேண்டியவை.