சொற்களை வெட்டியவர்களுக்கு நன்றி

திருநெல்வேலி

அன்புடையீர்,

வணக்கம். வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் அலைகளைக் கொண்டு வளிமண்டலத்தை அளக்கும் துறைக்கான தமிழ்ச் சொற்பட்டியல் சென்ற வாரம் அச்சாகி வந்துவிட்டது. 64 பக்கம், 200க்குச் சற்று மேற்பட்ட சொற்கள். அட்டையில் என் பெயர் மட்டும் இருக்கிறது. அது நியாயமில்லை. நான் முதலில் எழுதியபடியே நிற்கும் சொற்கள் பாதிகூடத் தேறாது. மீதியை நீங்கள் வெட்டினீர்கள், திருத்தினீர்கள், சிலவற்றைச் சிரித்தே விரட்டினீர்கள். அந்தக் கடனை ஒப்புக்கொள்ளவே இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரும் இதில் வராது. யார் எதைச் செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

உதவியவர்களில் சிலருக்குக்கூட, இது என்ன துறை என்ற கேள்வி கடைசிவரை இருந்தது. அவர்களுக்காக ஒரு பத்தி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இன்னொரு சிறிய செயற்கைக்கோளில் ஓர் அலைவாங்கியை வைத்தால், அதன் பார்வையில் ஜிபிஎஸ் கோள் ஒவ்வொன்றும் பூமியின் விளிம்பில் இறங்கி மறையும். மறைவதற்கு முன் அதன் அலை நம் காற்றுக்குள் புகுந்து வருகிறது. வரும்போது கொஞ்சம் தாமதிக்கிறது, கொஞ்சம் வளைகிறது. தரையை ஒட்டி வரும்போதுகூட அந்த வளைவு 1 பாகை அளவுதான். அந்தத் தாமதத்தைக் கடிகாரத்தால் அளந்து, காற்றின் அடர்த்தி, வெப்பம், ஈரம் ஆகியவற்றை அடுக்கடுக்காகக் கணக்கிட்டுவிடுகிறார்கள். ஒன்றிரண்டு நிமிடங்களில் முடிகிற காரியம். மேகமோ மழையோ குறுக்கே நிற்பதில்லை. 1965 ஜூலையில் மாரினர்-4 விண்கலம் செவ்வாய்க்குப் பின்னால் போனபோது, அங்கே காற்று எவ்வளவு மெல்லியது என்று கண்டுபிடித்தது இதே உத்தியால்தான். ஜிபிஎஸ் அலைகளை வைத்து நம் பூமியையே இப்படிப் பார்க்கலாம் என்பதை 1995இல் ஏவப்பட்ட மைக்ரோலேப்-1 மெய்ப்பித்தது.

அந்த மறைகிற நிகழ்ச்சிக்கு நான் வைத்திருந்த பெயர் ‘மறைவு’. முதல் கைப்பிரதியைப் படித்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். “தம்பி, நாளிதழில் ‘மறைவு’ என்று எங்கே பார்க்கிறாய்? கறுப்புக் கட்டத்துக்குள்தானே? ‘ஜிபிஎஸ் மறைவு’ என்று தலைப்பு வைத்தால் மாலையோடு வருவார்கள்” என்றார். ‘மறைப்பு’ என்பது அவர் கொடுத்த சொல். கோள் தானாக மறைவதில்லை, பூமி குறுக்கே வந்து மறைக்கிறது என்று பிறவினைக்கு விளக்கமும் சொன்னார். கீழே இறங்கி மறைவதற்கும் மேலே எழுந்து வருவதற்கும் தனித்தனிப் பெயர் வேண்டியிருந்தது. ‘எழுமறைப்பு’ எளிதாக அமைந்தது. ஞாயிறு படுதல் என்ற வழக்கை நம்பி அதன் எதிர்ச்சொல்லாக ‘படுமறைப்பு’ என்று எழுதிக்கொண்டு போனேன். அவர் வாசித்துவிட்டு, யாரோ பெரிய ஊழலை மூடிமறைத்ததுபோல் இருக்கிறது என்றார். பொழுது சாய்வதிலிருந்து ‘சாய்மறைப்பு’ வந்தது.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது வெறும் சொல்லாசையால் அல்ல. சாய்மறைப்பில் அலைவாங்கி மேலே தெளிந்த காற்றில் அலையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வருகிறது. எழுமறைப்பில் ஈரமும் கொந்தளிப்பும் நிறைந்த அடிக்காற்றில், எங்கே வரும் என்று தெரியாத அலையைப் பிடித்தாக வேண்டும். வந்துகொண்டிருக்கும் அலையையே பின்தொடர்ந்து பிடித்துவைக்கும் வழக்கமான ‘பூட்டு வளையம்’ அங்கே அலையை நழுவவிட்டுவிடும். அலை எந்த அதிர்வெண்ணில் வரும் என்று முன்கூட்டியே கணித்துவைத்துத் தேடும் ‘திறந்த வளைய’ முறை வந்த பிறகுதான் எழுமறைப்பும் அன்றாட வேலையாயிற்று. தைவானும் அமெரிக்காவும் சேர்ந்து 2006 ஏப்ரலில் அனுப்பிய 6 காஸ்மிக் கோள்கள் அதைச் செய்தன. 2019 ஜூனில் ஏவிய அடுத்த ஆறும் வெப்ப மண்டலத்தின் மேலேயே சுற்றுவதால், வங்கக் கடலும் அவற்றின் பார்வையில் இருக்கிறது. வானிலை பலூன் பறக்கவிட ஆளில்லாத கடல்பரப்பு அது.

அடுத்த நன்றி ஒரு கல்லூரி மாணவிக்கு. வளிமண்டலத்தை மேலிருந்து கீழாக அளப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘சவுண்டிங்’ என்ற சொல், மாலுமிகள் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்ததிலிருந்து வந்தது. ஓசை என்று பொருள்படும் சொல்லும் அதே எழுத்துகளில்தான் இருக்கும். நான் அவசரத்தில் ‘வளிமண்டல ஒலிப்பு’ என்று எழுதி, 11 இடங்களில் அதைப் பரப்பியும் வைத்திருந்தேன். மூத்தவர்கள் மூன்று பேர் படித்தும் கண்ணில் படவில்லை. மாணவி ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதியிருந்தார்: “ஐயா, இதில் ஓசை எங்கிருந்து வருகிறது?” காதுவரை சிவந்துபோனேன். இப்போது அது ‘அடுக்களவீடு’. இந்தியக் கோள்களின் குறிப்புகளையும் அவரே சேர்த்தார். 2009 செப்டம்பர் 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஓசன்சாட்-2இல் ‘ரோசா’ என்ற இத்தாலிய மறைப்புக் கருவி இருந்ததும், 2011 அக்டோபரில் போன மேகா-டிராபிக்ஸிலும் அதே கருவி இடம்பெற்றதும் அவர் சொல்லித்தான் பட்டியலில் ஏறின.

நில அளவையாளர் நண்பருக்கு இரண்டு நன்றிகள். தலைக்கு நேர்மேலே இருக்கும் கோளிலிருந்து வரும் அலைகூட, கடல்மட்டத்தில் நிற்பவரை வந்தடைவதற்குள் காற்றினால் ஏறத்தாழ 2.3 மீட்டர் தூரத்துக்குச் சமமாகத் தாமதிக்கிறது. அதோடு நீராவியால் வரும் பங்கு சில சென்டிமீட்டரிலிருந்து 40 சென்டிமீட்டர் வரைகூடப் போகும். எல்லைக்கல்லுக்கு இடம் குறிப்பவருக்கு இது தொல்லை. கணக்கில் கழித்துவிட்டுத்தான் மறுவேலை. நானும் அளவையியல் கையேடுகளைப் பின்பற்றி ‘உச்சித் தாமதப் பிழை’, ‘ஈரத் தாமதப் பிழை’ என்றே எழுதியிருந்தேன். அவர் கைப்பிரதியைப் புரட்டிவிட்டு, “அண்ணாச்சி, நான் இருபது வருடமாகக் கூட்டித் தள்ளுகிற குப்பையை நீங்கள் அட்டை போட்டு அச்சடிக்கிறீர்கள்” என்று சிரித்தார். பிறகு அவரே, “எனக்குத்தான் இது பிழை. மழை பார்க்கிறவருக்கு இதுதானே சரக்கு? ‘பிழை’யை எடுத்துவிடுங்கள்” என்றார். எடுத்துவிட்டேன். ‘உச்சித் தாமதம்’, ‘உலர் தாமதம்’, ‘ஈரத் தாமதம்’ என்று அவை இப்போது வெறும் தாமதங்களாகவே நிற்கின்றன. அந்த ஒரு சொல்லை நீக்கியதில் நூலின் நோக்கமே தெளிவானது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது நன்றி, அவர் தன் வேலை நேரத்தைச் சொன்னதற்கு. அலையின் வலிமை சட்சட்டென்று ஏறி இறங்குவதற்கு ‘மினுமினுப்பு’ என்று வைத்திருந்தேன். அது நகைக்கடை விளம்பரத்துக்கு ஆகும், இதற்கு ஆகாது என்றார் அவருடைய உதவியாளர். ‘சிமிட்டல்’ என்பது அந்த இளைஞரின் சொல். காந்த நடுக்கோட்டை ஒட்டிய ஊர் எங்கள் திருநெல்வேலி. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் இங்கே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதனால்தான். சூரியனில் ஆரவாரம் மிகுந்த ஆண்டுகளில், பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களில், பொழுது அடைந்த பிறகு மேலே அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்புகின்றன. அவற்றினூடே வரும் அலை சிமிட்டத் தொடங்கும். நண்பருக்குக் குமிழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. “பங்குனியில் மாலை ஏழு மணிக்கு மேல் கருவியை விரிப்பதே இல்லை, நிற்க மாட்டேன் என்கிறது” என்றார். அந்த வாக்கியம் சிமிட்டலுக்கான விளக்கத்தில் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பௌதிகவியல் ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. தொலைபேசியில் எத்தனை மணிநேரம் சண்டை போட்டிருப்போம்! எங்கள் பாடநூலில் அதிர்வெண், அவர்களுக்கு மீடிறன். எங்களுக்குக் கட்டம், அவர்களுக்கு அவத்தை. அழுத்தம், அமுக்கம். இவற்றில் சண்டைக்கு இடமில்லை; இரண்டு நிரலாகப் போட்டுவிட்டோம். ‘ஒளிவிலகல் எண்’தான் தகராறு. “நீங்கள் அனுப்புவது ரேடியோ அலை. அதில் ஒளியை ஏன் ஒட்டிவைத்திருக்கிறீர்கள்? எங்கள் முறிவுச்சுட்டியில் அந்தத் தொல்லை இல்லை” என்றார். சரிதான். ஆனால் முறிவு என்றால் குச்சி ஒடிவதுபோல் ஒரு புள்ளியில் திரும்புவது. காற்றில் அலை ஒடிவதில்லை, மெல்ல மெல்ல வளைகிறது என்று நான் பதில் சொன்னேன். அதுவும் சரி என்றார். கடைசியில் ‘விலகல் எண்’ என்று ஒளியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் முறிவுச்சுட்டியையும் இருத்தினோம். தரைமட்டக் காற்றில் இந்த எண் ஏறக்குறைய 1.0003. இதில் ஒன்றைக் கழித்து, எஞ்சியதைப் பத்து இலட்சத்தால் பெருக்கி 300 என்று எழுதுவதே துறையின் வழக்கம். அதற்கு ‘விலகுதிறன்’ என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னோம். அன்று மட்டும் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

இனித் தமிழாசிரியர் ஐயா கொடுத்த பெரிய கொடைக்கு வருகிறேன். விலகுதிறன் என்பது இரண்டு உறுப்புகளின் கூட்டுத்தொகை. முதல் உறுப்பில் காற்றின் அழுத்தமும் வெப்பநிலையும் வருகின்றன; இரண்டாவதில் நீராவியின் அழுத்தமும் வெப்பநிலையின் வர்க்கமும். உயரே நீராவி மிகக் குறைவு, அதனால் முதல் உறுப்பை மட்டும் வைத்து வெப்பநிலையைச் சொல்லிவிடலாம். கீழ்க்காற்றில் அப்படி முடியாது. விலகுதிறன் கூடினால் காற்று குளிர்ந்ததாலா, ஈரம் ஏறியதாலா என்று அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பிரிக்க வழியில்லை. வானிலை மாதிரியின் முன்கணிப்பை வெளியிலிருந்து கொண்டுவந்துதான் பிரிக்கிறார்கள். இந்தச் சிக்கலுக்கு ‘தெளிவின்மை’, ‘இருபொருண்மை’ என்று என்னென்னவோ எழுதி அடித்திருந்தேன்.

ஐயா வெற்றிலையை மென்றுகொண்டே முழுவதையும் கேட்டார். “புலி கொல் யானை” என்றார். எனக்குப் புரியவில்லை. உரையாசிரியர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு அது. யானை புலியைக் கொன்றதா, புலி யானையைக் கொன்றதா? தொடரை மட்டும் பார்த்தால் இரண்டும் பொருந்தும்; இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். “இதற்கு இலக்கணத்தில் மயக்கம் என்று பெயர். உன் கோளுக்கும் அதுதான் நேர்ந்திருக்கிறது” என்றார். ‘ஈர-உலர் மயக்கம்’ பட்டியலில் ஏறியது அப்படித்தான். மயக்கம் என்றால் டாக்டரிடம் போக வேண்டியது என்று நினைப்பார்களே என்று ஒருவர் ஆட்சேபித்தார். நினைக்கட்டும். இந்த ஒரு சொல்லை மட்டும் யார் சொல்லியும் மாற்றுவதாக இல்லை.

மற்றவர்களுக்குச் சுருக்கமாக: ‘தாக்கு அளவுரு’ என்று நான் எழுதியதைப் பார்த்து, “எது எதைத் தாக்குகிறது?” என்று கேட்ட கணித ஆசிரியருக்கு நன்றி, பூமியின் மையத்திலிருந்து அலையின் நேர்ப்பாதைக்கு வரையும் செங்குத்துத்தானே என்று சொல்லி ‘மையக் குத்துத்தூரம்’ என்று ஆக்கினார். 26 வயதில் இறந்துபோன நார்வேக் கணிதர் ஏபெலின் உருமாற்றத்தை எனக்குப் புரியவைத்தவரும் அவரே. வளைகோணங்களை வைத்து வெளி அடுக்கிலிருந்து உள்ளே போகும் அந்தக் கணக்கை இத்துறைக்காரர்கள் வெங்காயம் உரித்தல் என்றே சொல்வதுண்டு. நாம் உரித்தால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. இவர்களுக்கு ஒவ்வொரு தோலுக்கும் ஒரு வெப்பநிலை கிடைக்கிறது என்று அவர் சொன்னதை நூலில் சேர்க்கத் துணிவில்லை, இங்கே சேர்த்துவிட்டேன். காகிதச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டு, ரசீதுகூட வேண்டாம் என்ற மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி.

கடைசி நன்றி, டிடிபி செய்து பக்கங்களை அமைத்த தங்கைக்கு. அச்சுக்குப் போகும் முந்தின நாள் வரை, பழைய கோப்புகளில் ‘மறைவு’ அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. கணினியில் ஒரேயடியாகத் தேடி எல்லாவற்றையும் ‘மறைப்பு’ என்று மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. “அண்ணாச்சி, மூன்றாம் பக்கத்தில் ஐயாவை மறைத்துவிட்டோம்” என்றார். தமிழாசிரியர் ஐயா சென்ற மார்கழியில் காலமானார். காணிக்கைப் பக்கத்தில் ‘ஐயாவின் மறைவுக்குப் பின் வெளிவரும் இந்நூல்’ என்று எழுதியிருந்தேன். கணினி அதையும் திருத்தி, ‘ஐயாவின் மறைப்புக்குப் பின்’ என்று ஆக்கியிருந்தது. தங்கை அந்த ஓரிடத்தைக் கையால் பழையபடி மாற்றிவிட்டு, 64 பக்கத்தையும் இன்னொருமுறை தேடிப் பார்த்த பிறகுதான் படுக்கப் போயிருக்கிறார். நூலில் ‘மறைவு’ இப்போது அந்த ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது.

நன்றியுடன்,
தொகுப்பாளன்