குலுக்கலில் வந்த போர்

ஆசிரியருக்கு,

போரை அரசும் தளபதிகளும் மட்டுமே தீர்மானிப்பதுபோல் எழுதியிருந்தீர்கள். மக்களை விட்டுவிட்டீர்களே! வியட்நாம் போர் நடந்தபோது, 1969 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவில் ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்க, ஒரு கண்ணாடி ஜாடியிலிருந்து 366 நீலக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்த இளைஞர்களுக்குத்தான் முதல் அழைப்பு. டிவியில் இதைப் பார்த்த தாய்க்கு அரசின் விளக்கம் எதுவும் காதில் ஏறியிருக்குமா?

1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. அப்புறம் ஆப்கானிஸ்தானில் 20 ஆண்டுகள் சண்டை. தாமாகச் சேர்ந்தவர்களே போனார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு அது வெறும் செய்தி. 2003இல் ஈராக் போரை எதிர்த்துப் பெருங்கூட்டம் திரண்டது, சரி. ஆனால் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைக்கு அழைப்பாணை வந்திருந்தது?

– வாசகர், மதுரை