சனிக்கிழமை டம்ப்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் வாசலில் தொட்டியை வைத்தால் போதும், லாரி வந்து குப்பையை எடுத்துப் போய்விடும் என்று உங்கள் கட்டுரையில் படித்தேன். பல ஊர்களில் அது சரி. மகன் குடும்பத்தோடு நான் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்து வெல்லஸ்லியில் அப்படி இல்லை. வசதியான ஊர்தான்; ஆனாலும் ஊராட்சி வீடு வீடாகக் குப்பை எடுப்பதில்லை. காசு கொடுத்துத் தனியார் வண்டியை அழைக்கலாம். மற்றவர்கள் காரில் ஏற்றித் தாங்களே கொண்டுபோய்ப் போடுகிறார்கள்.

அந்த இடத்தை இங்கே டம்ப், அதாவது குப்பைமேடு, என்கிறார்கள். ஆனால் இப்போது மேடு எதுவும் கிடையாது. அமெரிக்க மத்திய அரசு 1991-இல் குப்பைக் கிடங்குகளுக்குக் கடுமையான விதிகள் கொண்டுவந்ததும், மாசசூசெட்ஸும் சேர்ந்த நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் சின்ன ஊர்கள் பலவற்றில் பழைய மேடுகளை மூடிவிட்டார்கள். இப்போது தரம் பிரித்து வெளியூருக்கு அனுப்புவதோடு சரி. ஆனால் கூட்டம் குறையவில்லை. சனிக்கிழமை காலையில் அட்டையை ஒரு பக்கமும் கண்ணாடியை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டே, யாருக்கு முழங்கால் ஆபரேஷன், யார் வீட்டுக்குப் பேரன் வந்திருக்கிறான் என்று பேச்சு ஓடும். ஊர்த் தேர்தல் சமயத்தில் வேட்பாளர்கள் ஆதரவு கேட்டு அங்கே வந்து நிற்பார்கள்.

நல்ல நிலையில் உள்ள பொருள்களை வைக்கவும் எடுக்கவும் தனி இடம் உண்டு. இதே மாநிலத்து நான்டக்கெட் தீவில் இதே போன்ற ஓர் இடத்தை ஊர்க்காரர்கள் செல்லமாக ‘மேடகெட் மால்’ என்கிறார்கள். எங்கள் ஊரில் நான் ஒரு பழைய எவர்சில்வர் டிபன் கேரியரை வைத்தேன். ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எப்படிப் பூட்டுவது என்று கேட்டார். கார் ஓட்டத் தெரியாத எனக்கு, தெருவில் எதிரே ஆளே வராத இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதி அவர்தான்.

அங்கே வேலை செய்பவர்களைப் பலரும் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம் நகராட்சிகளின் குப்பை பிரிக்கும் கூடத்துக்குள் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? ஞாயிறு காலையிலாவது அங்கே ஓர் அலமாரி வைத்து, மக்களை உள்ளே விடச் சொல்லி நீங்கள் எழுத வேண்டும். பழைய பாடப்புத்தகங்களையும் குழந்தைகளின் சைக்கிள்களையும் வைத்து ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெல்லஸ்லி