அறிவு போதவில்லையா, ஆள் போதவில்லையா? செவிலியர் கல்லூரி ஆய்வு வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுச் செவிலியர் கல்லூரிகளில் எம்.எஸ்சி. மாணவர்களின் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த பேட்ச் மாணவர்கள் தலைப்பு கேட்டு உங்கள் அறை வாசலில் வந்து நிற்பதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நானும் வார்டில் டியூட்டி பார்த்துவிட்டு, பிறகு வகுப்பெடுக்க வந்தவள்தான்.

டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் நம் மாணவர்களின் ஆய்வேடுகளை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். நல்ல ஏற்பாடு. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். இன்ன ஊர் மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர்களுக்கு இன்ன விஷயத்தில் இருக்கும் அறிவு, அதில் திட்டமிட்ட கற்பித்தலின் பயன் என்று ஒரே அச்சில் வார்த்தவை வந்துகொண்டே இருக்கும். ஊர் மாறும், நோய் மாறும். செவிலியர் இருந்த இடத்தில் தாய்மார்களோ பள்ளிப் பிள்ளைகளோ இருப்பார்கள். அப்புறம், பால் கட்டிய மார்புக்கு முட்டைக்கோஸ் இலை, சர்க்கரைக்கு வெந்தயம். இலையை நான் கிண்டல் செய்யவில்லை. பிரசவ வார்டில் ஒரு தாயின் வலியைக் குறைக்கப் பார்ப்பது நர்ஸின் வேலைதான். ஆனால் ஒரு கல்லூரி கண்ட முடிவை இன்னொரு கல்லூரி எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவது அரிதாகவே கண்ணில் படுகிறது.

கற்பித்தல் ஆய்வு எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ப்ரீ டெஸ்ட் வைக்கிறோம். அரை மணி நேரம் ஃபிளிப் சார்ட்டை வைத்துப் பாடம் நடத்துகிறோம். ஏழாம் நாள் அதே கேள்வித்தாளைத் திரும்பக் கொடுக்கிறோம். மதிப்பெண் கூடியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு பெரும்பாலும் இருக்காது. தற்செயலாக மட்டுமே இப்படி வந்திருக்கும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு 0.001-க்குக் கீழே வந்துவிடும், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எல்லோருக்கும் நிம்மதி. சொல்லிக் கொடுத்ததையே கேட்டால் மார்க் கூடாமல் என்ன செய்யும்? அந்த மதிப்பெண்ணால் வார்டில் ஒரு நோயாளிக்காவது ஏதாவது மாறியதா என்ற கேள்வி ஆய்வுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று இருக்கிறது. செவிலியரின் அறிவை அளக்கும் ஆய்வு, தொடங்கும்போதே குறை யாரிடம் என்று முடிவு செய்துவிடுகிறது. நர்ஸுக்குத் தெரியவில்லை, அதனால் சொல்லிக்கொடுக்க வேண்டும். பரிந்துரை அத்தியாயத்தில் எழுதப்போவதும் அதுதான்: பணியிடைப் பயிற்சி நடத்துக. நிர்வாகத்துக்கு இதைவிடச் சௌகரியமான முடிவு கிடைக்காது. செலவில்லை, பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

படுக்கைப்புண்ணையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது தெரியாத நர்ஸ் யார்? முதலாண்டு மாணவியைக் கேட்டாலே சொல்வாள். சரி, நைட் டியூட்டிக்கு வாருங்கள். நாற்பது படுக்கை வார்டு, அதில் எட்டுப் பேர் தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரைத் திருப்ப, விரிப்பைச் சரிசெய்ய, முதுகைப் பார்க்க, ஐந்து நிமிடம். இரண்டு பேர் வேண்டும். எட்டுப் பேருக்கு நாற்பது நிமிடம், அதுவும் ஒவ்வொரு இரண்டு மணி நேரத்திலும். ஆக, இரவில் மூன்றில் ஒரு பங்கு நேரம் இரண்டு பேருக்கு இந்த ஒரு வேலைக்கே போய்விடும். பன்னிரண்டு மணி ஊசி, டிரிப் மாற்றுவது, புது அட்மிஷன், கேஸ் ஷீட் எல்லாம் மிச்ச நேரத்தில். அந்த வார்டில் இருப்பதே ஒரு ஸ்டாஃப் நர்ஸ் என்றால் கணக்கு முதல் வரியிலேயே உடைந்துவிடுகிறது. கூட இருக்கும் மகனையோ மனைவியையோ எழுப்பித்தான் திருப்ப வேண்டும். இங்கே அறிவு குறித்த கேள்வித்தாள் எதை அளக்கும்?

இதே படுக்கைப்புண்ணைத்தான் டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயச் செவிலியர் ஆராய்ந்தார். முதியோர் வார்டு நோயாளிகளைப் பார்த்து, குறித்து, ஒப்பிட்டு, தன் குழுவோடு 1962-ல் முடிவுகளை வெளியிட்டார். தோலில் எதைத் தடவுவது என்று அலைவதைவிட அழுத்தத்தை எடுப்பதுதான், அதாவது நோயாளியைத் தவறாமல் திருப்புவதுதான், புண்ணைத் தடுக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. யாருக்குப் படுக்கைப்புண் வரும் அபாயம் அதிகம் என்று கணிக்க நாம் வகுப்பில் சொல்லித்தரும் நார்ட்டன் அளவுகோல் அதில் பிறந்ததுதான். அவர் யாருடைய அறிவையும் சோதிக்கவில்லை. நோயாளியின் முதுகைப் பார்த்தார்.

ஆள் கணக்கையும் செவிலியர்களே ஆய்வுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். லிண்டா எய்க்கனும் சகாக்களும் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2002-ல் வந்தது. ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்றது அது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2016-ல் பகலில் நான்கு பேருக்கு ஒரு நர்ஸ், இரவில் ஏழு பேருக்கு ஒரு நர்ஸ் என்று குறிப்பிட்ட வார்டுகளுக்குச் சட்டம் வந்தது. சட்டத்துக்கு முன்னும் பின்னும் அளந்து, சட்டத்துக்குள் வராத மருத்துவமனைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் வெளியானது. சட்டம் வந்த மருத்துவமனைகளில் இறப்பு குறைந்தது; வீடு திரும்பியவர்கள் மறுபடி அட்மிட் ஆவது மற்ற மருத்துவமனைகளில் கூடியது, இங்கே கூடவில்லை. கூடுதல் நர்ஸுகளுக்கு ஆன செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மிச்சமானது. நிதித்துறை அதிகாரியிடம் கொண்டுபோய் வைக்கக்கூடிய காகிதம் என்றால் இதுதான்.

நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர் என்ற இந்திய நர்சிங் கவுன்சிலின் வரையறையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அடுத்த நாள் கிளினிக்கல் போஸ்டிங்கில் மாணவி பார்ப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை ஏன் அளக்கச் சொல்வதில்லை? 2015-ல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்த அரசு நர்ஸுகள், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பணி நிரந்தரமா இல்லையா என்று தெரியாமல் வருடக்கணக்கில் வேலை பார்ப்பது தூக்கத்தை, உடம்பை, வார்டில் எடுக்கும் முடிவுகளை என்ன செய்கிறது என்பது நர்சிங் ஆய்வு இல்லாமல் வேறென்ன?

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியும். தரவு திரட்டக் கிடைப்பது சில வாரங்கள். நெறிமுறைக் குழு அனுமதி, டூல் வேலிடேஷன் (கேள்வித்தாள் சரியாக அளக்கிறதா என்று பார்ப்பது), பைலட் ஸ்டடி (சிறு முன்னோட்ட ஆய்வு) என்று காலம் ஓடிவிடுகிறது. மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகள், ஆள் பற்றாக்குறை என்று தலைப்பைச் சொன்னாலே மருத்துவமனை கதவைச் சாத்திவிடும். அதனால் யாருக்கும் உறுத்தாத தலைப்பு. மாணவியைப் பாஸ் செய்ய வைக்க வேண்டுமே என்ற கவலை நியாயமானதுதான்.

ஆனாலும் வழி இருக்கிறது. ஒரு கல்லூரி, ஒரே ஒரு கேள்வியைச் சில பேட்ச்களுக்குத் தொடர்ந்து எடுத்துக்கொள்ளட்டும். முதல் பேட்ச் எண்ண மட்டும் செய்யட்டும்: இரவில் எத்தனை தடவை நோயாளி திருப்பப்பட்டார், எத்தனை கைகள் இருந்தன, எத்தனை பேருக்குத் தோல் சிவந்தது. நர்ஸ் பெயர் வேண்டாம், வார்டின் பெயர்கூட வேண்டாம். அடுத்த பேட்ச் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கட்டும்: இரவுக்கு ஒரு ஆள் கூட, அல்லது திருப்புவதற்கென்று ஒரு நேர அட்டவணை. மூன்றாவது பேட்ச் அதையே இன்னொரு மருத்துவமனையில் செய்யட்டும். தனித்தனியாக அறுபது பேர் சாம்பிள் என்றிருந்தது அப்போது சேர்ந்து எடையுள்ள எண்ணாகும். கேள்வியை நீங்களே யோசிக்கவும் வேண்டாம். வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய், உங்களை ராத்திரி தூங்கவிடாத விஷயம் எது என்று கேட்டால் போதும்.

அப்புறம், பயன் இல்லை என்று வந்த முடிவையும் வைவாவில் மதியுங்கள். கருதுகோள் ஏற்கப்பட்டதா என்று கேட்டு, இல்லை என்றதும் தேர்வாளர் முகம் மாறுவதைப் பார்த்த மாணவி, அடுத்த வருட மாணவிக்கு என்ன ஆலோசனை சொல்வாள் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னும் ஒன்று. கேள்வித்தாளைத் தமிழாக்கி நோயாளியிடமும் தாயிடமும் பதில் வாங்குகிறோம். முடிவு மட்டும் ஆங்கிலத்தில் ரெக்சின் அட்டை போட்டு நூலகத்துக்குப் போகிறது. தரவு கொடுத்த வார்டுக்குத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, டியூட்டி ரூமில் ஒட்டிவிட்டு வருவதை ஆய்வேட்டின் ஒரு பகுதியாக்குங்கள். ஒட்டிய தேதியையும் இன்சார்ஜ் கையெழுத்தையும் பின்னிணைப்பில் கேளுங்கள். இதற்குப் புதிய அரசாணை எதுவும் வேண்டியதில்லை. இந்தப் பேட்சிலிருந்தே நீங்கள் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர் ஆசிரியை