மிசினுக்குக் கிட்டத் தனிய நிக்காதை

தம்பலகாமம்
புரட்டாதி, வெள்ளிக்கிழமை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுறன். நாங்கள் சுகம். அம்மாவின்ர முழங்கால் நோவு முந்தின மாதிரித்தான். நீ அனுப்பின பதினாலு படமும் வந்தது. தங்கச்சி தன்ர போனில பெரிசாக்கிக் காட்டினா. படத்தோட ஒரு சொல்லும் எழுதயில்லை நீ. அஞ்சு கிழமையா கோலும் இல்லை. வேலை கூடவாக்கும் எண்டு அம்மாவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்.

சோயா வெட்டுற அந்தப் பச்சைக் கொம்பைன் மிசின் படம் நல்லா வந்திருக்கு. எங்கட வயலுக்கு வாற கியூபோட்டா வெட்டு மிசினின்ர முன்வாய் ஆறரை அடிதான். அதுக்கே ஒவ்வொரு முறையும் வரம்பு இடிபடுது. உன்ர படத்தில இருக்கிற வாய் முப்பது அடிக்குக் குறையாது. மண்ணோட ஒட்டிக்கொண்டு போகுது. சோயாவில காய் அடித்தண்டிலயும் பிடிக்கும், உயத்தி வெட்டினா அவ்வளவும் வயலிலதான் எண்டு நீ போன வருசம் சொன்னது எனக்கு மறக்கயில்லை. ஆனா எழும்பியிருக்கிற புழுதியில மிசினின்ர பின்பாதியைக் காணயில்லை. நீ எவ்வளவு கிட்ட நிண்டு எடுத்தனீ?

மகன், கொம்பைனைத் திருப்புறது பின்சில்லு. உனக்குத் தெரிஞ்சதுதான், எண்டாலும் சொல்லுறன். முன்பக்கம் உன்னை விட்டு விலகிப் போகுது எண்டு நீ நினைச்சுக்கொண்டு நிப்பாய், பின்பக்கம் வீசிக்கொண்டு உன்னிட்ட வரும். எங்கட சங்கிலி மிசின் நிண்ட இடத்திலயே சுத்தும், அதில எந்தப் பக்கம் நிண்டாலும் ஆபத்து. உள்ள இருக்கிறவனுக்குப் பின்னால ஒண்டும் தெரியாது. வயல் மூலையில, அது திரும்புற இடத்தில நிக்காதை. தானியம் கொட்டுற குழாயை நீட்டேக்க அதுக்குக் கீழ நிக்காதை. காஞ்ச சருகு சூடான இஞ்சினில ஒட்டினா நெருப்புப் பிடிக்கும், அதால காத்து வாற பக்கம் நில்லு. படம் எடுக்கவும் அந்தப் பக்கம்தான் நல்லது, புழுதி உனக்கு வராது. வயல்காரனிட்டக் கேட்டிட்டு இறங்கு. தனியப் போகாதை.

இதெல்லாம் உனக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில உன்ர படத்தைக் காட்டினன். ஒருத்தர் கேட்டார், "இவர் அங்க மிசின் கொம்பனியிலயோ வேலை?" எண்டு. இல்லை, லீவு நாளில நூறு கிலோமீற்றர் காரோடிப் போய் வயல்கரையில நிண்டு எடுக்கிறவர் எண்டு சொன்னன். சொல்லேக்க எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. மசி ரக்ரர் எண்ட பேரே கனடாவில உன்ர ஒன்ராறியோவில தொடங்கினதாம், 1847இல நியூகாசில் எண்ட ஊரில டானியல் மசி எண்டவர் பட்டறை போட்டவராம் எண்டு நீ சொன்னதையும் சொன்னன். எங்கட மசி 135 எத்தனை போகம் சூடு மிதிச்சது! அந்தப் பேரின்ர ஊரில நீ போய் இருப்பாய் எண்டு அப்ப ஆர் கண்டது.

இங்க சிறுபோகம் இன்னும் முடியயில்லை. எங்கட துண்டு வாய்க்காலின்ர கடைசி எண்டபடியால் கந்தளாய்க் குளத்துத் தண்ணி கடைசியாத்தான் வந்தது, விதைப்பும் பிந்தி, வெட்டும் பிந்தி. மேற்க மழை கறுக்குது. மிசின்காரன் ஞாயிற்றுக்கிழமை வாறன் எண்டிருக்கிறான். முந்தி அருவி வெட்டுக்கு மூதூர், கிண்ணியாவில இருந்து ஆக்கள் வந்து பத்து நாள் நிப்பினம், தாக்கத்தியைத் தீட்டுற சத்தத்தோடதான் விடியும். இப்ப ஒரு காலமையில முடியுது. முடிஞ்சாலும் மிசின் நெல் ஈரம். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் குடுக்கிறதெண்டா ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல இருக்கக்கூடாது. றோட்டில பாயை விரிச்சுக் காயப்போட்டு, மழை துமிச்சா ஓடி ஓடி அள்ளி, அம்மாவும் நானும் இந்த வயசில அதைத்தான் செய்யப்போறம்.

உன்ர படங்களைத் திரும்பத் திரும்பப் பாத்தன். பின்னேர வெயிலில எடுத்திருக்கிறாய், நிழல் நீட்டா விழுந்திருக்கு. போன வருசம் கார்த்திகையில சோளன் வெட்டேக்க நீ அனுப்பின படத்தில, கீழ்க்கரைப் புல்லில ரெண்டு நிழல் கிடந்தது. ஒண்டு கமராவைத் தூக்கிப் பிடிச்சபடி. மற்றது கட்டை, தொப்பி போட்டது. மருமகளின்ர எண்டு அம்மாதான் கண்டுபிடிச்சா, ரெண்டு நாளாச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டா. இந்த முறை பதினாலு படத்திலயும் ஒண்டுதான்.

நான் ஒண்டும் கேக்கயில்லை. அவவுக்கு வேலை நாளா இருந்திருக்கும், அல்லது காருக்குள்ள இருந்திருப்பா. வயலுக்குத் தனியப் போகாதை எண்டுதான் சொல்லுறன். அந்தப் புழுதிக்குள்ள உனக்கு ஒண்டு நடந்தா ஒரு சத்தம் போட பக்கத்தில ஆள் வேணும். நீ சின்னனிலயும் இப்பிடித்தான், தனியத்தான் போவாய், போனால் போனதுதான், தேடிக்கொண்டு நாங்கள் வரவேணும். அஞ்சு கிழமை ஒரு பிள்ளை வீட்டுக்குக் கதைக்காமல் இருக்கலாமோ? தங்கச்சி பிள்ளையளை வைச்சுக்கொண்டும் ஒவ்வொரு நாளும் வந்து எட்டிப் பாத்திட்டுப் போறா.

ஏச எழுதயில்லை. வேற ஒண்டு இருக்கு. அதுக்காகத்தான் போனை விட்டிட்டு, கடுதாசி எடுத்துத் தபாலில போடுறன். போனில எண்டா அம்மா பக்கத்தில நிப்பா, வட்ஸ்அப்பில எண்டா தங்கச்சி வாசிப்பா.

உன்ர நீலக் கொப்பியை நான்தான் எரிச்சனான்.

2007. உனக்குப் பதின்மூண்டு வயசு. பாலம்போட்டாற்றுச் சந்தியில புளியமரத்தடியில இருந்து, போற வாற ரக்ரர் எல்லாத்தையும் எழுதுவாய். நேரம், நம்பர், நிறம், எந்தப் பக்கம் போகுது, பெட்டியில என்ன ஏத்தியிருக்கு. ஒரு பிழையில்லாமல், கோடு போட்டு. உனக்கு அது ரக்ரர். ஆமிச் சென்றியில நிண்டு அந்தக் கொப்பியை விரிக்கிறவனுக்கு அது வேற. 2006 தை மாதம் ரெண்டாம் திகதி திருகோணமலைக் கடற்கரையில அந்த அஞ்சு பிள்ளையளையும் சுட்டுக் கொன்ற பிறகு, உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டிட்டு வந்து வாசலில நிண்ட நாள் எனக்குக் கணக்கில்லை. கொப்பியை எரிச்ச அண்டைக்குப் பக்கத்து ஊரில சுத்திவளைப்பு எண்டு ஆள் வந்து சொன்னது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. உன்ர புத்தகப் பையில இருந்து எடுத்து ஒவ்வொரு தாளாக் கிழிச்சு அடுப்பில போட்டன். நடுவில ஒரு தாளில எங்கட மசியைக் கீறியிருந்தாய், நான் மேல இருக்கிற மாதிரி, தலையில துவாயும் கட்டி. அதை மட்டும் வைப்பம் எண்டு கையில கன நேரம் வைச்சிருந்தன். கீழ நம்பர் எழுதியிருந்தாய். அதையும் போட்டன்.

நீ மூண்டு நாள் தேடினாய். தங்கச்சிதான் கிழிச்சுப்போட்டா எண்டு அவவுக்கு அடிச்சாய். அவவுக்கு அடிச்சதுக்காக நான் உனக்குப் பூவரசம் தடியால அடிச்சன். எல்லாம் தெரிஞ்சுகொண்டு அடிச்சன், மகன். அவ அழுதா. நீ அழயில்லை, என்னைப் பாத்துக்கொண்டு நிண்டாய். உனக்கு விளங்கியிருந்ததோ எண்டு இப்பவும் எனக்குத் தெரியாது.

எரிச்சது பிழை எண்டு நான் சொல்லமாட்டன். அந்தக் காலம் திரும்பி வந்தா திரும்பவும் எரிப்பன். உன்னைக் கூப்பிட்டு இருத்தி, இதாலதான் மகன் எண்டு சொல்லியிருக்கவேணும். சொல்லயில்லை. 2009இல சண்டை முடிஞ்ச பிறகு சொல்லியிருக்கலாம். பயம் போன இடத்தில வெக்கம் வந்து குந்திட்டுது. நீ கொழும்பு விமான நிலையத்தில நிண்ட அண்டைக்கும் வாய்வரை வந்தது, பாஸ்போட்டைப் பத்திரமா வை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

அந்தக் கொப்பிக்குப் பிறகுதான் நீ எங்களுக்கு ஒண்டும் சொல்லாத பிள்ளையாப் போனனீ. துலைச்சதை எங்களிட்டச் சொல்லிப் பிரயோசனம் இல்லை எண்டு பழகிட்டாய். பழக்கினது நான். எனக்கு இது இந்தப் பதினாலு படத்தையும் பாத்துக்கொண்டிருக்கேக்கதான் பட்டது. நீ என்னத்தையும் துலைச்சிருந்தால், அது எதுவா இருந்தாலும், இந்த முறை நான் தடி எடுக்கமாட்டன். அம்மாவும் ஊரும் என்ன சொல்லுமோ எண்டு யோசிக்காதை, அதை நான் பாக்கிறன். இரவு எட்டு மணிக்குப் பிறகு நான் கிணத்தடியில தனியத்தான் இருப்பன். அந்த நேரம் எடு.

தங்கச்சிக்கு நான் இனித்தான் சொல்லவேணும். நெல் வீட்டுக்கு வந்த பிறகு சொல்லுறன்.

ஞாயிற்றுக்கிழமை மிசின் வரேக்க பக்கத்து வீட்டுப் பெடியனைக் கொண்டு படம் எடுத்து அனுப்புறன். நேரம், நம்பர், நிறம், எந்தப் பக்கத்தால வயலுக்குள்ள இறங்கினது எல்லாத்தையும் நானே எழுதியும் அனுப்புறன். என்ன மாதிரிக் கோடு போடுறது எண்டு எனக்குத் தெரியும்.

அம்மா செத்தல் மிளகாய் காயவைச்சிருக்கிறா, தூள் இடிச்சு உனக்கு அனுப்ப. போன முறை ரெண்டு பேருக்கெண்டு மூண்டு கிலோ அனுப்பினது. இந்த முறை எவ்வளவு எண்டு கேட்டு எழுதச் சொல்லி, நான் எழுதுற நேரம் முழுக்கக் கதவடியில நிக்கிறா. அதை மட்டுமாவது எழுது, மகன்.

அப்பா