போனில் ஏற்றிக்கொண்டு போக ஒரு நூலகம்: பொது நூலக இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

பொது நூலக இயக்குநர் அவர்களுக்கும் நீலகிரி மாவட்ட நூலக ஆணைக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பந்தலூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கிளை நூலக வாசகர் வட்டத்தில் இருக்கிறவன். நூலக அட்டை வைத்திருக்கிற எவரும் மின்னூலையும் ஒலிநூலையும் போனிலேயே இரவல் எடுக்கும் வசதி வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். ஆனால் அந்த வசதியைச் சென்னையில் உட்கார்ந்து யோசித்தால் ஒரு மாதிரி அமையும், எங்கள் மலையில் நின்று யோசித்தால் வேறு மாதிரி அமையும். நூலகத்தில் வைத்துப் புத்தகத்தை இறக்கிக்கொண்டு, வீட்டில் துளி சிக்னல் இல்லாமல் படிக்கவும் கேட்கவும் முடிய வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், மற்றதையெல்லாம் பேசிக்கொள்ளலாம்.

சேரம்பாடி, அய்யன்கொல்லி, எருமாடு என்று இந்தப் பக்கம் வந்து பார்த்தால் தெரியும். போன் இல்லாத வீடு அபூர்வம், டவர் கிடைக்கும் வீடும் அபூர்வம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் போனை ஜன்னல் கம்பியில் சொருகி வைத்தால் இரண்டு கோடு வரும், கையில் எடுத்தால் அதுவும் போய்விடும். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் மேட்டில் ஏறி நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூன் பிறந்துவிட்டால் மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டிய மலை இது. தேவாலா, பந்தலூர் பக்கத்து மழையைப் பற்றி உங்கள் ஊழியர்களைக் கேட்டாலே போதும். மரம் விழுந்து மின்சாரம் போகும், மண் சரிந்து பஸ் நிற்கும், பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். ஆண்டிலேயே படிக்க நேரம் அதிகம் கிடைக்கிற மாதங்கள் அவை. நூலகத்துக்குப் போகவே முடியாத மாதங்களும் அவைதான். போகிற நாளில் எடுத்துவருகிற புத்தகத்திலும் பைண்டிங் ஓரமாகப் பூஞ்சை பூத்திருக்கும். அதற்கு நூலகரைக் குறை சொல்லிப் பயனில்லை, இந்த ஈரத்தில் எங்கள் வீட்டு அரிசி மூட்டைக்கே அந்தக் கதிதான்.

வெளிநாட்டு நூலகங்களில் இது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவின் ஓவர்டிரைவ் நிறுவனம் 2017இல் லிப்பி என்ற செயலியைக் கொண்டுவந்தது. நூலக அட்டை எண்ணைப் போட்டால் அந்த ஊர் நூலகம் வாங்கி வைத்திருக்கும் மின்னூலும் ஒலிநூலும் தெரியும். எடுத்த புத்தகம் போனில் இறங்கிக்கொள்ளும், அப்புறம் இணையம் இல்லாமலே படிக்கலாம். தவணை முடிந்ததும் தானாகத் திரும்பிவிடும், அபராதம் கிடையாது. வேறொருவர் எடுத்திருந்தால் வரிசையில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரே போனில் பல அட்டைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்பா போனையே பிள்ளைகளும் வாங்கிப் பார்க்கிற எங்கள் வீடுகளுக்கு இது மிக முக்கியம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இந்த வழியில் தமிழ் மின்னூல்களையும் இரவல் கொடுக்கிறது. அங்கே இருக்கும் தமிழருக்குக் கிடைப்பது இங்கே இல்லையே என்று ஆதங்கப்பட்டுச் சொல்லவில்லை. செய்ய முடிகிற காரியம்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய நூல்களையும் இதழ்களையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தே ஒரு பெரிய இலக்கியச் சேமிப்பை உண்டாக்கினார்கள். 2013 முதல் ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் குழுவினர், எழுத்தாளர்களே அனுமதி கொடுத்த நூல்களை ஆறு அங்குலத் திரைக்கென்று தனியாக வடிவமைத்துத் தருகிறார்கள். ஆறு அங்குலத்தை நினைத்துப் பார்த்தார்களே, அதற்காகவே அவர்களைக் கும்பிடலாம். ஆனால் இவை எதிலும் போன வருடம் வந்த நாவலை இரவல் வாங்க முடியாது. அதைச் செய்ய வேண்டியது பொது நூலகம்.

இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மின்னூல் என்றாலே பலரும் நினைப்பது ஸ்கேன் செய்த பி.டி.எஃப்பை. அது பக்கத்தின் புகைப்படம். போனில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடமும் வலமும் தள்ளித் தள்ளி, நாலு பக்கம் போவதற்குள் வெறுத்துவிடும். ஒரு புத்தகமே நூறு எம்.பி.யைத் தாண்டுவதும் உண்டு. அதே புத்தகத்தை, எந்தக் கருவியும் தமிழ் என்று அறிந்துகொள்ளும் யூனிகோடு எழுத்தில், இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவமாகச் செய்தால் பெரும்பாலும் ஒரு எம்.பி.க்குள் முடிந்துவிடும், எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி தானாக மடங்கிக்கொள்ளும். அச்சகத்திலிருந்து நேராக வருகிற பி.டி.எஃப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய எழுத்துருக்களில் கோர்த்த நூலாக இருந்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் போனின் திரைவாசிப்பானைப் படிக்கச் சொன்னால் சம்பந்தமில்லாத எழுத்துகளை உளறும். பார்வையற்ற வாசகருக்கு அந்தப் புத்தகம் பூட்டிக் கிடக்கிற மாதிரிதான். 2010லேயே யூனிகோடைத் தரமாக ஏற்ற அரசு நம் அரசு. ஆகவே மின்னூல் வாங்கும்போது யூனிகோடு இபப் தவிர வேறெதையும் வாங்காதீர்கள்.

பார்வையற்றோருக்கு அச்சு நூலை ஒலியாகவோ பிரெயிலாகவோ மாற்றப் பதிப்பாளரின் அனுமதிகூடத் தேவையில்லை என்று 2012இலேயே பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் என்ற சர்வதேச உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடும் இந்தியாதான். 2016இல் அவர்களுக்கென்றே சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் வந்தது. அதில் உறுப்பினராவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தாலே பாதி வேலை முடியும்.

ஒலிநூலுக்கு இங்கே புதிதாகக் காது பழக வேண்டியதில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இந்தத் தோட்டங்களில் பெரும்பகுதி. இலங்கை வானொலி நாடகம் கேட்டே வளர்ந்த தலைமுறை அது. என் அப்பாயிக்குப் பத்திரிகைத் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படிப்பதே பெரிய பாடு, ஆனால் கதை கேட்கச் சொன்னால் இராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும். கண்புரை வந்த பிறகு டி.வி.யும் பிடிக்கவில்லை அதற்கு. இப்படி ஒவ்வொரு லைனிலும் ஆள் இருக்கிறார்கள். சந்தா கட்டிக் கேட்கிற செயலிகள் இருக்கின்றன என்பீர்கள். கொழுந்துக் கூலியில் மாதச் சந்தாவைக் கட்டுவது யார்?

கணக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. பேச்சுக் குரலுக்கு 32 கே.பி.பி.எஸ். மோனோ, அதாவது நொடிக்கு 32 கிலோபிட் அளவில் ஒற்றைத் தடப் பதிவு, தாராளம். மணிக்கு 14 எம்.பி. சொச்சம்தான் ஆகும். பத்து மணி நேர நாவல் 150 எம்.பி.க்குள் அடங்கும். நூலக வைஃபையில் இறக்க அதிக நேரம் பிடிக்காது. நாவலையும் சிறுகதையையும் மனிதக் குரலில்தான் பதிய வேண்டும், இயந்திரக் குரலில் உரையாடல் செத்துப்போகிறது. டி.என்.பி.எஸ்.சி. பாடத்துக்கு இயந்திரக் குரல் போதும், அங்கே யாரும் உணர்ச்சியை எதிர்பார்ப்பதில்லை. இன்னொன்று, படுகர், தோடர், கோத்தர், குறும்பர், பணியர் பேசும் மொழிகளில் அச்சில் வந்தது கொஞ்சம்தான். அந்த மக்களே முன்வந்தால், அந்த மொழிகளுக்கு ஒலிநூலிலிருந்தே தொடங்கலாம்.

(கொழுந்து எடுக்கும்போது கேட்கலாமே என்று யாராவது விளம்பரம் செய்துவிடப் போகிறார்கள். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு தேயிலைக்குள் நின்றால் யானை வருவது தெரியாது. தயவுசெய்து அந்தப் படத்தைப் போடாதீர்கள்.)

இனி செயலி. அது புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் சர்வரைக் கேட்கக் கூடாது. இறக்கும்போது ஒரு முறை கேட்டால் போதும், தவணைக் கணக்கைப் போனே பார்த்துக்கொள்ளட்டும். உள்ளே நுழைய ஓ.டி.பி. கேட்காதீர்கள். நூலகத்தில் வைஃபை இருக்கும், போனில் டவர் இருக்காது, ஓ.டி.பி. எங்கிருந்து வரும்? அட்டை எண்ணும் நாலு இலக்க ரகசிய எண்ணும் போதும். தவணை குறைந்தது 21 நாள் இருக்கட்டும், மழை மாதங்களில் அதையும் நீட்டுங்கள். வைஃபை சதி செய்கிற நாளில் நூலகக் கணினியிலிருந்தே கேபிள் போட்டு ஏற்றிக்கொள்ள வழி வேண்டும். நூலக நண்பர்கள் திட்டத்தில் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகிற தன்னார்வலர்களும் அப்படியே ஒலிநூலைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

டேப்லெட் வாங்கித் தருகிறோம் என்று ஆரம்பிக்க வேண்டாம். திறப்பு விழாவுக்குப் பிறகு அது பீரோவுக்குள் போகும், சாவி ஒருவரிடம் இருக்கும், சார்ஜர் இன்னொருவரிடம் இருக்கும். எங்கள் கையில் இருக்கிற போனுக்கே செய்யுங்கள். மிச்சப் பணத்துக்கு ஒவ்வொரு கிளைக்கும் இன்வெர்ட்டர் கொடுங்கள். கரண்ட் இல்லாத நாளில் அங்கே போனுக்குச் சார்ஜ் ஏற்றவாவது ஆள் வரும், வந்தவர் புத்தகமும் எடுப்பார்.

பதிப்பாளர்களின் பயம் நியாயமானது. மின்கோப்பைக் கையைவிட்டுக் கொடுத்தால் மறுநாளே டெலிகிராமில் சுற்றும் என்கிறார்கள். இப்போதே அச்சு நூலை ஸ்கேன் செய்து சுற்றவிடத்தான் செய்கிறார்கள், அதில் யாருக்கும் ஒரு பைசா வருவதில்லை. நூலகம் உரிமம் வாங்கினால் பணம் வரும். ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒரு வாசகர் என்பது ஒரு முறை. குறிப்பிட்ட எண்ணிக்கை இரவலுக்குப் பிறகு மறுபடி வாங்குவது இன்னொரு முறை. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011இல் அதை 26 தடவை என்று வைத்தபோது அமெரிக்க நூலகர்கள் கொதித்துப்போனார்கள். ஒவ்வொரு இரவலுக்கும் இவ்வளவு என்று பதிப்பாளருக்குக் கொடுப்பதும் உண்டு. தமிழ்ச் சூழலுக்கு அதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். படிக்கப்படுகிற புத்தகத்துக்கே காசு போகும், சிறிய பதிப்பகமும் பிழைக்கும். பேச்சுவார்த்தை முடிய நாளாகும் என்றால் நாட்டுடைமை ஆன நூல்களிலிருந்து தொடங்குங்கள். அவற்றுக்கு யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் இங்கேதான் வந்தது. அந்தச் சட்டப்படி இன்றைக்கும் சொத்து வரியோடு பத்து விழுக்காடு நூலக வரி கட்டுகிறோம். மலையில் இருக்கிறோம் என்பதற்காக அதில் தள்ளுபடி எதுவும் கிடையாது.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் வேண்டாம். கூடலூர், பந்தலூர் வட்டங்களின் கிளை நூலகங்களில் மட்டும் ஒரு மழைக்காலம் நடத்திப் பாருங்கள். இங்கே ஓடினால் கொடைக்கானல் மேல்மலையிலும் ஓடும், ஏற்காட்டிலும் ஓடும். மே மாதக் கடைசிக்குள் செயலி வந்தாக வேண்டும், ஜூனில் வந்தால் இறக்கிக்கொள்ள நூலகம் வரைக்கும் எங்களால் வர முடியாது. சோதித்துப் பார்க்க ஆள் தேவையென்றால் வாசகர் வட்டத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். பழைய போன், உடைந்த திரை, நிரம்பி வழியும் மெமரி என்று எல்லா வகையும் எங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
பந்தலூர் வட்டத்து வாசகர் ஒருவர்