அவரைக் கூப்பிடுங்கள் அண்ணே, ஃபார்வர்டு லைனுக்கு வேண்டாம்

அன்புள்ள செயலாளர் அண்ணனுக்கு,

வணக்கம். கோடை ஹாக்கி டோர்னமெண்டில் நம் கிளப்புக்கு அந்தப் பெரிய ஆட்டக்காரரை கெஸ்ட் பிளேயராக இறக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இந்தியாவுக்கு ஆடியவர், இப்போது நாற்பதை நெருங்குகிறவர். அவருக்கு முன்வரிசை நடுவில் நின்று கோல் போடுகிற சென்டர் ஃபார்வர்டு இடத்தைக் கொடுத்துவிட்டு, இப்போதுதான் பிளஸ் டூ முடித்த நம் பையனை பெஞ்சில் வைக்கப் போவதாகவும் சொல்கிறார்கள். உங்களிடம் நேரிலேயே பேசியிருக்கலாம். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் டீம் கட்டுகிற எல்லோருக்கும் இதே சிக்கல் இருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அவர் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வயதானவர் என்பதற்காக ஒருவரை ஒதுக்குவது எனக்குப் பிடிக்காத காரியம். பாரிஸ் ஒலிம்பிக் கால் இறுதியை நினைத்துப் பாருங்கள். நம் அணியின் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போய்விட்டார். மிச்ச ஆட்டம் முழுவதையும் பத்துப் பேரோடு ஆடி, பிரிட்டனை 1-1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2 என ஜெயித்தோம். கோலில் நின்ற ஸ்ரீஜேஷுக்கு அப்போது வயது 36. அவர் இல்லாமல் அந்த வெண்கலம் வந்திருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதே 36 வயதில்தான் ஃபார்வர்டு ஆட்டக்காரர் தன்ராஜ் பிள்ளையும் 2004-ல் ஏதென்ஸ் போனார். அது அவருக்கு நான்காவது ஒலிம்பிக். அவரிடம் இன்னும் ஆட்டம் மிச்சமிருந்தது என்றே நான் நம்புகிறேன். ஆனால் அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் எதற்காகக் கூட்டிப் போகிறோம் என்று முடிவு செய்திருந்த மாதிரி தெரியவில்லை. களத்தில் அவருக்குக் கிடைத்த நேரம் சொற்பம். இந்தியா ஏழாவது இடத்தில் முடித்தது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கு அப்படி ஒரு முடிவு வந்ததை இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

இரண்டு பேருக்கும் வயது ஒன்றுதான், நின்ற இடம்தான் வேறு. கோல் கீப்பருக்கும், அவருக்கு முன்னால் நின்று தடுக்கிற ஃபுல் பேக்குக்கும் பந்து எங்கே வரப்போகிறது என்று முன்னாலேயே தெரிய வேண்டும். அது வருடங்கள் போகப் போகக் கூடுகிற சரக்கு. ஃபார்வர்டுக்கு இன்றைய ஆட்டத்தில் வேலையே வேறு. எதிரணி பந்தை வெளியே எடுக்கும்போதே விரட்டிப் போய் மறிக்க வேண்டும், பந்து பறிபோனால் அடுத்த நொடி திரும்பி ஓட வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம் என்பதால் எதிரணியில் சில நிமிடத்துக்கு ஒருதரம் புதுக் கால்கள் வந்து இறங்கும். அந்த இடத்தில் அவரை நிறுத்தினால் முதல் குவார்ட்டரில் கைதட்டல் வாங்குவார், மூன்றாவது குவார்ட்டரில் இடுப்பில் கை வைத்து நிற்பார். நம்ம ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாததா? அவருக்கு அந்த நிலைமையை நாம் வரவழைக்கக் கூடாது.

அப்புறம், பையன் பக்கம். முற்றிய நாற்றைப் பிடுங்கி நட்டால் தூர் கட்டாது என்பது மேட்டூர்த் தண்ணீர் தாமதமாகிற வருடங்களில் நாம் கண்ணால் பார்க்கிறதுதானே. இந்தப் பையன்களுக்கும் பதினேழு, பதினெட்டில்தான் பருவம். பெரிய ஆட்டத்தின் அடி, தள்ளு, வேகம் எல்லாம் அந்த வயதில் உடம்பில் படிய வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம். அதை நம்பித்தான் பாதி வீடுகளில் பிள்ளை கையில் ஸ்டிக்கைக் கொடுக்கிறார்கள். நம் டோர்னமெண்ட் சர்டிபிகேட் அதற்கு உதவாது, சரி. ஆனால் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் நம் மைதானத்து ஓரத்தில்தான் நின்று பார்க்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

கொள்ளிடத்துக்கு வடகரையில், பக்கத்து அரியலூரில் பிறந்த கார்த்தி செல்வத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்கு முதல் வரிசை ஆட்டக்காரர்களை அனுப்பாமல் இளைஞர் அணியை அனுப்பினார்கள். அதனால்தான் அவருக்கும் கோவில்பட்டி மாரீஸ்வரனுக்கும் கதவு திறந்தது. கார்த்தி முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்டார். ஆனால் அந்த அணியைச் சின்னப் பையன்களாகவே நிரப்பிவிடவில்லை. அதற்கு முந்தைய வருடம் ஓய்வை அறிவித்திருந்த பிரேந்திர லக்ராவையும் எஸ்.வி. சுனிலையும் திரும்ப அழைத்து, ஒருவரை கேப்டனாகவும் மற்றவரைத் துணை கேப்டனாகவும் போட்டார்கள். வெண்கலத்தோடு திரும்பினார்கள். பெரியவர்கள் கூட இருந்தார்கள், பையன்கள் ஆடினார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

ஏலத்தில் லட்சங்கள் புரளும் ஹாக்கி இந்தியா லீக்கிலேயே 2024-25 சீசனில் 24 பேர் கொண்ட அணியில் 4 ஜூனியர்கள் கட்டாயம் என்று விதி வைத்திருந்தார்கள். அந்த சீசனில், 2025-ல் பட்டம் வென்ற பெங்கால் அணிக்குக் கேப்டன் ரூபிந்தர் பால் சிங், 34 வயது ஃபுல் பேக். இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் போட்டது அவரைவிட இளையவரான ஜுக்ராஜ் சிங். இருவருமே பெனால்டி கார்னர், அதாவது எதிரணியின் தவறுக்காக கோல் பக்கத்தில் கிடைக்கும் வாய்ப்பை, அடிப்பவர்கள்தான்.

அதனால் நான் கேட்பது இதுதான், அண்ணே. அவரை ஃபுல் பேக்கில் இறக்குங்கள். பெனால்டி கார்னரைத் தடுக்க நிற்கிற ஐந்து பேரை யார் எங்கே என்று அவரே நிறுத்தட்டும். பந்தை நோக்கி முதலில் பாய்கிற வேலை மட்டும் ஒரு பையனுக்கு. ஆட்டத்தன்று காலையில் வந்து இரவே கிளம்புகிற மாதிரி வேண்டாம், நான்கு நாள் முன்னாலேயே வரச் சொல்லுங்கள். சாயங்காலப் பயிற்சியில் அவர் பந்தை நிறுத்துகிற விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே நம் பையன்களுக்குப் பாதி விஷயம் பிடிபடும். பேசுகிற பணத்தில் அந்த நாட்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள். கூடுதல் செலவுக்கு மைதானத்து நண்பர்களிடம் வசூல் செய்து தருவது என் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் ஃபார்வர்டு லைன் பெயர்களை முதலில் எழுதுங்கள். எல்லாம் நம்ம ஊர்ப் பையன்கள் பெயராக இருக்கட்டும். எழுதி முடித்துவிட்டு அவருக்குப் போன் போடுங்கள். எந்த ரயிலில் வருகிறார் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள், ரயிலடிக்கு நானே போய் அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி